பெரிய டின்னு வேணாம்

கஸ்பார்: அந்தச் செடிய நெழல்ல நவுத்து ஃப்ளோரா. எலயெல்லாம் வாடிக்கினு கீது.

ஃப்ளோரா: வாடல ஒண்ணியும். கப்பல் நிக்கிற ஆர்பர்லேர்ந்து பறந்து வர்ற கரித்தூளு, தொடச்சா போயிடும். தோள்ல இன்னாய்யா அது?

கஸ்பார்: எண்ண டின்னு. பழச விட பெருசு.

ஃப்ளோரா: மறுபடியுமா! கப்பல உட்டு எறங்கி இன்னும் உன் வூட்டுக்கே போவல. டின்னத் தூக்கினு இங்க வந்துட்டே.

கஸ்பார்: செடி வளருதுல்ல... காலு நீட்ட எடம் வேணாவா?

ஃப்ளோரா: இதும் பேரு இன்னான்னு சொன்னே? வாய்லயே நொழைய மாட்டேங்குது.

கஸ்பார்: அகபாந்தஸ். கேப் டவுன்ல ரோட்டோரமா நீலநீலமா நிக்கும். அருள்நாதன்தான் ஒரு கெழங்க கேட்டு வாங்கி, கைலில சுத்தி... "என் பொண்டாட்டிக்கு"ன்னான்.

ஃப்ளோரா: கடைசியா அவரு சொன்னத இன்னொரு வாட்டி சொல்லேன்.

கஸ்பார்: எத்தினி வாட்டிம்மே கேப்பே...

ஃப்ளோரா: சொல்லுய்யா. என் புருசன் பேசுனது.

கஸ்பார்: நல்ல ஜுரம். "கஸ்பாரு, இது பூக்கற வரைக்கும் நீ பாத்துக்கோ. மொத பூவ மாதாவுக்கு வெக்கச் சொல்லு. எனக்குன்னு கல்லறையா இருக்கப் போவுது"ன்னான். மறுநா மூச்சு நின்னுச்சு, அவன கடல்லயே எறக்கிட்டோம். வாக்கு குடுத்துட்டேன். உலகச் சண்ட முடிஞ்ச வருசத்துலேர்ந்து வந்துகினு கீறேன்.

ஃப்ளோரா: பூதான் வரல.

கஸ்பார்: வரும், வரும்.

ஃப்ளோரா: கான்வென்ட்டு தோட்டக்காரரு கோதண்டத்த கேட்டேன்.

கஸ்பார்: அவன எதுக்கு கேட்ட?

ஃப்ளோரா: வேரு நெருக்கிக்கினு டின்ன முட்டுனாத்தான் பூக்குமாம். எடம் தாராளமா இருந்தா வெறும் எலதானாம்.

கஸ்பார்: அந்த மம்பட்டிய எடு.

ஃப்ளோரா: கேப் டவுன்ல ஒருத்தனும் உன்கிட்ட சொல்லலியா?

கஸ்பார்: மண்ண கொட்டணும், நவுரு...

ஃப்ளோரா: கஸ்பாரு.

கஸ்பார்: சொன்னான். எப்பவோ.

ஃப்ளோரா: தெரிஞ்சேவா வாட்டிக்கு வாட்டி பெரிய டின்னு?

கஸ்பார்: பூத்துட்டா... அப்பால எந்த மூஞ்சிய வெச்சுக்கினு இந்த வூட்டு வாசப்படி ஏறுவேன்? தோஸ்து நம்பிக் குடுத்தான், நான் இப்படி பண்ட்டேன். திட்டு. நல்லா திட்டு.

ஃப்ளோரா: மொதல்ல டின்ன கீழ வை.

கஸ்பார்: இனிமே மாத்தல. பூக்கட்டும். கோயில்ல வெச்சுட்டு... அப்பால நானும் இங்க வரல.

ஃப்ளோரா: பூத்துச்சு.

கஸ்பார்: இன்னாது?

ஃப்ளோரா: போன கோடைல. நீ லண்டன் கப்பல்ல போயி ரொம்ப நாளு வரல, வேரு டின்ன முட்டிக்கிச்சு. நீலமா, விரிச்ச குட மாதிரி ஒரு கொத்து... மாதா காலடில வெச்சுட்டு அழுதுட்டு வந்தேன். அவருக்கு சேர வேண்டியது சேந்துச்சு.

கஸ்பார்: வந்து கேட்டனே... பூக்கலன்னு தலய ஆட்டுனியே!

ஃப்ளோரா: பூத்துச்சுன்னா நீ வரமாட்டியே.

கஸ்பார்: ஃப்ளோரா...

ஃப்ளோரா: இந்தத் தெருவுல அத்தினி பொம்பளையும் உன்ன அண்ணேன்னு கூப்புடுறா. நான் ஒரு நாளாவது கூப்ட்டேனாய்யா?