ஆளுக்கொரு காது

— மூடியைக் கோத்தியாக்கா?

— எந்த மூடியை?

— ஹெட்போன் பின்னோட மூடியை. அதை முதல்ல வயர்ல கோத்துட்டுத்தான் ஈயம் வைக்கணும். நீ ஈயத்தை வச்சுட்டே. இனிமே மூடி எந்த வழியா உள்ள போகும்?

— அடக் கடவுளே. இதை முன்னாடியே சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?

— சொன்னேன். நீதான் உன் மாப்பிள்ளை புராணம் பாடிக்கிட்டிருந்தே. உருக்கிப் பிரிச்சுட்டு மறுபடி வை. ஒண்ணும் குடி முழுகிடல.

— ஊருக்கெல்லாம் ஹெட்போன் வயர் பின்னிக் குடுக்குறியே, நீ எப்பவாவது இந்தத் தப்பைப் பண்ணியிருக்கியா?

— வாரத்துக்கு ஒரு தடவை.

— அப்ப சரி. வெளியில சொல்லித் தொலைக்காதே, பொழப்பு கெட்டுடும்.

— புகையை இழுக்காத. தலையைத் தள்ளி வச்சுக்க.

— இந்த வாசனை இருக்கே தம்பி. சின்ன வயசுல உன் சட்டை, தலகாணி எல்லாத்துலயும் இதான். அம்மா சொல்லுவாங்களே, ‘நான் புள்ளையைப் பெத்தேனா, பட்டறையைப் பெத்தேனா’ன்னு.

— ம்.

— ‘ம்’மாம். ஒரு வார்த்தை கூடப் பேசினா வரி போட்டுடுவாங்க இவனுக்கு.

— நாலு நுனி இருக்கு பாரு. உன் காதுலேருந்து ரெண்டு, என் காதுலேருந்து ரெண்டு. கறுப்பு ரெண்டையும் சேத்து முறுக்கி, பின்னோட நீளமான காலுக்கு வை. சிவப்பு ஆளுக்கொரு குட்டிக் கால். சூடு வயர்ல படணும், ஈயத்துல இல்ல.

— தெரியுது, தெரியுது. ஆமா, பழைய பின்னை நான் பாக்குறதுக்குள்ள ஏன் வெட்டிக் குப்பையில போட்டே?

— துருப் பிடிச்சிருந்துச்சு. இதையே தூக்கிப் போட வேண்டியதுதான். புதுசா ஒண்ணு பண்ணித் தரேன்னா கேக்க மாட்டேங்குற.

— தூக்கிப் போடுறதா? அப்பா வீட்டைக் காலி பண்ணினப்போ அம்மாவோட அலமாரியில, மேல் தட்டுல, கம்பளிக்கு அடியில இருந்துச்சுடா. துணியில சுத்தி வச்சிருக்காங்க. நகையைக்கூட அவங்க அப்படிச் சுத்தினதில்ல.

— அம்மாவா எடுத்து வச்சாங்க?

— பின்ன, அப்பாவா வைப்பாரு? பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பதினோரு வயசுப் பையன், தலைப் பட்டையை ரெண்டா அறுத்து, டெலிபோன் வயரை உரிச்சு, ஆளுக்கொரு காதுன்னு பண்ணின வேலை. பக்கத்து வீட்டுக்காரங்க குப்பையில போட்டதுதானே இது?

— படிக்கட்டுல கிடந்துச்சு. வயர் மட்டும்தான் போயிருந்துச்சு.

— என் வயர் சின்னது. கட்டில் வரைக்கும்தான் வரும். உன்னுது மட்டும் அனுமார் வாலு, கதவு வரைக்கும் போகும். காத்து வருதுன்னு நீ கதவுக்கிட்டப் போய் உக்காந்துக்குவே.

— ம்.

— அப்பா வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தத்துலயே தெரிஞ்சுடும், இன்னிக்கு வீடு எப்படி இருக்கும்னு. டொக்குனு ஒரு சத்தம் வந்தாச் சரி. ரெண்டும் சுவத்துல போய் அடிச்சா, நீ உடனே டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு வந்துடுவே. ‘வாக்கா, பாட்டு கேக்கலாம்’. ஒரே ஒரு கேசட். அதுல ஒரு பாட்டு தேஞ்சு போயி, பாடுறவருக்கு ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கும்.

— மூணாவது பாட்டு.

— ஆமா, மூணாவது. இப்பவும் எங்கயாவது அதைக் கேட்டா, தேயாம வர்றது எனக்குத் தப்பாத் தெரியுது. அதெல்லாம் நல்ல காலம்டா தம்பி. அப்படி ஒரு சுகமாப் பாட்டு கேட்டதே இல்ல நான் அப்புறம்.

— கையை மேசையில ஊணிக்க.

— நீதான் ரசிக்கத் தெரியாத ஜென்மம். நான் தலையாட்டினா, அரை நொடி கழிச்சு நீ ஆட்டுவே. தாளமே வராது. ‘தாளம்’னு பட்டப்பேரு வச்சு, உன் கல்யாணத்துல கூட அப்படித்தானே கூப்பிட்டோம். உன் பொண்டாட்டி வந்து என்கிட்ட, ‘அவருக்கு அவ்வளவு நல்லா தாளம் வருமா அண்ணி?’ன்னு கேட்டா.

— அப்பாவை எங்க வீட்டுல வச்சுக்கச் சொல்லி அவகிட்டயும் பேசினியாமே.

— பேசினேன். ஒளிச்சு வைக்க என்ன இருக்கு? அவளே சரின்னுட்டா. நீதான் முறுக்கிக்கிட்டு நிக்குறே.

— உன் பொண்ணுக்குப் பிரசவம், பேரனோ பேத்தியோ பொறக்கப் போகுது, நீ சந்தோஷமாப் போயிட்டு வா. அப்பாவை நல்ல இல்லமாப் பாத்து வைக்கலாம். நான் தினமும் போய்ப் பாக்குறேன். மருந்து, மாத்திரை எல்லாம் என் பொறுப்பு.

— ஆறே ஆறு மாசம்டா, திரும்பி வந்ததும் என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுறேன். பெத்த புள்ள இருக்கும்போது ஏன்டா அவரு முன்ன பின்ன தெரியாதவங்க நடுவுல கிடக்கணும்? எழுந்து நடக்கவே முடியல அவரால.

— என் கூரைக்குக் கீழ வேண்டாம்க்கா. அவ்வளவுதான்.

— எனக்கு ஒண்ணுதான் புரியல. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே வளந்தோம்? கத்துவாரு, ஒத்துக்குறேன். வாய் ஜாஸ்தி. ஆனா பத்து நிமிஷம், பாலு பொங்கின மாதிரி, அப்புறம் அடங்கிடும். ஒரு நாளாவது கை நீட்டியிருப்பாரா? எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லையே.

— மூடியைத் திருகு. முடிஞ்சுது. இந்தா, இந்த டேப்புல சொருகிப் பாரு.

— பேச்சை மாத்து. இரு. வந்துடுச்சு. டேய், பாடுதுடா. என் காது பாடுது. உன்னோடதைக் கொண்டா, சேந்து கேப்போம்.

— எனக்கு வேண்டாம். நீ கேளு.

— உன் பக்கத்தையும் காதுல வச்சுப் பாத்தேன், பேச்சு மூச்சில்லாம கிடக்குதே.

— பழசுதானே. செத்திருக்கும். விடு.

— செத்ததுக்கெல்லாம் உயிர் குடுக்குறவன் நீ, இதை மட்டும் விடுங்குறே. அந்தத் திருப்புளியைக் குடு.

— வேண்டாம்க்கா.

— அன்னிக்கும் இப்படித்தான். ‘ஒரு நாள் காதை மாத்திக்கலாம்டா’ன்னா கடிக்க வருவே. கஞ்சன். உன் பக்கம் என்ன தேனா வழிஞ்சுது? ரெண்டே திருகாணி, இதோ கழண்டுடுச்சு.

— அக்கா, அதை மூடு.

— இரு. வயர் உள்ள வருது. இழுத்தா வராதபடி முடிச்சுப் போட்டிருக்கே, நல்ல வேலைதான். அதுக்கப்புறம் கறுப்பு ஒட்டு டேப் சுத்தியிருக்கு. இது என்னடா, எங்கயுமே போய்ச் சேரல? பிச்சுக்கிட்டு வந்துடுச்சா?

— ம்.

— பிச்சுக்கிட்டு வந்திருந்தா நுனியில ஈயம் ஒட்டிக்கிட்டு இருக்கணும். நீதானே இப்பச் சொல்லிக் குடுத்தே? இதுல தோலே உரிக்கலைடா. வெட்டின வயர் வெட்டினபடி இருக்கு.

— குடு இப்படி, நான் மூடிடுறேன்.

— தம்பி, இது எப்பவுமே பாடலையா?

— உன் பக்கம் பாடிச்சுல்ல. அது போதும்.

— பாட்டு முடிஞ்சு வெறும் இரைச்சல் ஓடும். நான் தலகாணியை விட்டெறிஞ்சாத்தான் கேசட்டைத் திருப்புவே. தூங்குமூஞ்சின்னு திட்டுவேன் உன்னை.

— ம்.

— தலையாட்டினது? என்னைப் பாத்து ஆட்டினியா?

— உனக்குச் சந்தேகம் வந்துடக் கூடாதுல்ல. அந்த மூணாவது பாட்டு தேஞ்சதுன்னு கூட, நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

— அப்ப அத்தனை வருஷமும் உன் காதுல என்னடா விழுந்துச்சு?

— கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது.

— எல்லாமா?

— எல்லாமும். அதை இப்ப எதுக்குக் கிளறணும்? அந்த ஈயம் வைக்கிற இரும்பைத் தள்ளி வை, கையைச் சுட்டுக்கப் போறே.

— நல்ல பாட்டு வர்ற நேரமாப் பாத்து, காதைக் கழட்டி வச்சுட்டு தண்ணி குடிக்கப் போவியே. ஒரு தடவை இருட்டுல கதவுல இடிச்சுக்கிட்டேன்னு முன் பல்லை உடைச்சுக்கிட்டு வந்தே. ரத்தத்தோட சிரிச்சே. அம்மா பின்னாடி நின்னு, ‘ஆமா, கதவுதான்’னாங்க. அந்தப் பல்லு…

— கதவு இல்லக்கா.

— அப்பாவா?

— அம்மாவுக்குக் குறுக்கப் போனேன். எனக்கு வச்ச அடியில்ல அது.

— தெய்வமே. உன் பல்லை வச்சு எத்தனை வருஷம் சிரிச்சிருக்கேன். உன் புள்ளைங்ககிட்டக் கூடச் சொல்லிச் சிரிச்சேனேடா.

— அழாதக்கா. நீ சிரிச்சது எனக்குப் பிடிச்சுது. அந்த வீட்டுல ஒரு ஆளாவது நல்ல காலம்னு சொல்ற மாதிரி இருந்துச்சுல்ல.

— அப்பாவை நீ பாத்துக்க வேண்டாம். இனிமே இந்த வாயால கேக்க மாட்டேன். இல்லத்துலயே சேப்போம், நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி. என்னால அவரை நாளைக்குக் காலையில எப்படிப் பாக்க முடியும்னே தெரியல.

— நீ வழக்கம் போலப் பாரு. உனக்கு அவரு வேற அப்பா. அது அப்படியே இருக்கட்டும்.

— ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. வயர் பத்தலையா? ஈயம் தீந்து போச்சா? இல்ல, ஒரு பக்கம் ஒட்ட மட்டும்தான் அப்பத் தெரிஞ்சுதா உனக்கு?

— ரெண்டு பக்கமும் ஒட்டிப் பாத்தேன்க்கா, முதல் நாள். நல்லாத்தான் பாடிச்சு.

— அப்புறம் ஏன்டா உன்னோடதை வெட்டினே?

— ரெண்டு பேரும் காதை அடைச்சுக்கிட்டா, அம்மா கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்?