வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய சட்டை

கோட்டுருவங்களைக் குளிரிலிருந்து காத்த கோமகளே! பொத்தானுக்கும் பொருள் தந்த பொற்கரமே! எங்கள் சித்திரக்கதை இதழின் உடைப்பிரிவே, அப்பிரிவின் ஒரே ஆளே, உடையக்கா! வணக்கம்.

இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து உட்காராதீர்கள். புகழ்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது; பணி ஓய்வு பெறும் இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருவம் வரையும் அண்ணன் மனிதர்களை வெறும் கோடாய் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். அவர்களை நாலு பேர் நடுவே நடமாடத் தக்கவர்களாக்கி அனுப்பியவர் நீங்கள். முழங்கை மடியுமிடத்தில் முளைக்கும் சுருக்கம், சாவிக்கொத்தின் கனத்தில் தொங்கிய சட்டைப்பை, அவசரத்தில் மாற்றிப் போட்ட பொத்தான், அத்தனையும் உங்கள் கைவண்ணமே! "மொதல்ல இத எப்படிக் கழட்டுவாருன்னு சொல்லுங்க, அப்புறம் வரையிறேன்" என்று நீங்கள் பிடிவாதம் பிடித்ததால் ஒரு ராஜா கதையில் தளபதியின் கவசத்துக்குப் பக்கவாட்டில் வார் வந்தது. கதாசிரியருக்குக் காய்ச்சல் வந்தது.

நம் தொடரின் நாயகி வாலுவுக்கு என்றைக்கும் ஒன்பது வயது என்பது முதலாளியின் கட்டளை. அண்ணனும் அவளை ஒரே உயரத்தில் நிறுத்தினார். நீங்களோ சத்தமில்லாமல் அவள் சட்டைக்கையை மணிக்கட்டிலிருந்து ஏற்றினீர்கள். குட்டையாகிப்போன கவுனின் மடிப்பைப் பிரித்து இறக்கி, பழைய தையல் கோட்டை மங்கலாய் விட்டீர்கள். உருவம் வளரவில்லை, பிள்ளை வளர்ந்துவிட்டாள்! முதலாளி கண்டுபிடித்த அன்று அலுவலகமே கிடுகிடுத்தது.

"யாரக் கேட்டு இவள வளத்தீங்க?"

"சாப்பிடுற புள்ள வளராம என்ன சார் பண்ணும்?"

அந்தக் கோபமோ என்னவோ, "அக்காவோட வாலுவும் ஓய்வு எடுக்கட்டும்" என்று தொடரையே முடிக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியூர்ப் பள்ளிக்கு அவள் கிளம்பும் கடைசிப் பக்கம் உங்கள் மேசையிலேயே கிடந்தது. அவளுடைய புதுச்சட்டையை மட்டும் நீங்கள் வரையவில்லை. கேட்டவர்கள் மேல் எரிந்து விழுந்தீர்கள்.

இங்கே வாழ்த்துச் சொல்லி முடிப்பதாக நேற்று எழுதி வைத்திருந்தோம். இன்று நண்பகலில் அந்தப் பக்கம் உங்கள் மேசையிலிருந்து வந்தது. தோள் இறங்கி, இடுப்பில் தொளதொளத்து, கை இரண்டு மடிப்பாய் மடித்துவிட்ட சட்டையில் நிற்கிறாள் வாலு. வளர்கிற பிள்ளைக்குப் பார்த்துப் பெரிதாய் வாங்கிய சட்டை! எங்களில் சிலர் அழுதோம்.

"கீழ 'முற்றும்'னு போட்டுக் குடு" என்றார் முதலாளி. படங்களில் வசனத்தைக் கையால் எழுதும் தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இவ்ளோ பெரிய சட்டையப் போட்டுவிட்டுட்டு எப்படி சார் முடிக்கிறது?"

பதில் இன்னும் வரவில்லை. அவரும் இந்த மேடையில்தான் இருக்கிறார். அவர் காதிலும் விழட்டும் என்றே உரக்க வாசிக்கிறோம்.

அக்கா, உடல்நலம் குன்றாமல், கண்ணொளி மங்காமல், நெடுங்காலம் நிறைவாய் வாழுங்கள்!

இப்படிக்கு,
அந்தச் சட்டை வாலுவுக்கு அளவாகும்வரை 'முற்றும்' எழுதப்போவதில்லை என்று இருக்கும்,
உங்கள் அலுவலகத்தார்