மாப்பிள்ளையின் இடது காது

நல்ல கத்தரிக்கோல் எந்த வார்டிலும் இரண்டு நாளுக்கு மேல் தங்காது. நீங்கள் முதலில் கேட்டது கத்தரிக்கோலைப் பற்றித்தான் என்பதால் நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன், மேட்ரன் அம்மா. மாவுக்கட்டு அறையில் இருந்த மழுங்கல் முனைக் கத்தரிக்கோலை எடுத்தது நான். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொருளைக்கூட இடம் மாற்றி வைத்தவள் இல்லை நான். மற்றவர்கள் என்ன சொன்னாலும் இதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு என்று சொன்னீர்கள். குழந்தைகள் எலும்பு வார்டில் அது அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. இங்கே ‘நடந்தது’ என்று யாராவது சொன்னால், எந்தப் படுக்கை என்று கேட்டுக்கொண்டு நாங்கள் எல்லோரும் எழுந்து ஓடுவோம்.

என்னைக் குழந்தைகள் ‘திரும்பிப்படு சிஸ்டர்’ என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். கட்டுப் போட்ட குழந்தைகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகுத் தோல் புண்ணாகிவிடும். கால் நகத்தை அழுத்திவிட்டு ரத்தம் திரும்ப ஓடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். விரலை ஆட்டச் சொல்ல வேண்டும். அரிக்கிறது என்று கட்டுக்குள்ளே ஸ்கேல், பென்சில், கரண்டிக் காம்பு எதையும் விட விடக்கூடாது. அரித்தால் என்னைக் கூப்பிடு, நானும் வந்து உன்னோடு சேர்ந்து அந்தக் கட்டைத் திட்டுகிறேன் என்பேன். வந்து திட்டவும் செய்வேன். இதையெல்லாம் சொல்வது, நான் குழந்தைகளுக்குக் கெடுதல் நினைப்பவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

ஏழாம் படுக்கைப் பெண்ணுக்கு வயதும் ஏழு. பிறவியிலேயே இடுப்பு மூட்டு குழியில் சரியாக உட்காரவில்லை. தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சை செய்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எட்டு வாரம் மாவுக்கட்டு. வாய்க்கு மட்டும் கட்டு இல்லை. எதற்கெடுத்தாலும் வாதாடுவாள். அதனால் வார்டில் அவளுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர். எழுத்துக் கூட்டிப் படிக்கப் புதிதாகக் கற்றிருந்ததால் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவிடுவாள். மருந்துப் பாட்டில், என் சட்டையில் குத்திய பெயர் அட்டை, தீயணைக்கும் உருளையின் செய்முறை வரைக்கும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அவளோடு எப்போதும் சாம்பல் நிறக் கழுதைப் பொம்மை ஒன்று இருக்கும். அதன் பெயர் மாப்பிள்ளை. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். அவள் அம்மா விளக்கம் சொன்னாள்.

“ஒரு வேலையும் செய்ய மாட்டான் சிஸ்டர். ஆனா முதல் சாப்பாடு அவனுக்குத்தான் போகணும்.”

பக்கத்தில் நின்ற அவள் அப்பா ஜன்னல் வழியாக வெளியே எதையோ உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

கட்டைப் பிரித்த பிறகுதான் பிரச்சினை வந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். மூட்டு அருமையாக உட்கார்ந்திருந்தது. காலில் பாரம் வைக்கலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். அவளோ எழுந்திருக்கவே இல்லை. “நான் நடக்க மாட்டேன். எனக்குத் தெரியும்” என்றாள். என்ன தெரியும் என்று கேட்டால், “தெரியும்” என்பாள். பயிற்சி கொடுக்கும் அம்மாள் பாட்டுப் பாடிப் பார்த்தாள். டாக்டர் எலும்புக் கூட்டை வைத்துப் பொம்மலாட்டம் காட்டினார், அதில் எட்டாம் படுக்கை பயந்ததுதான் மிச்சம். பத்து நாள் ஓடிவிட்டது. முழங்கால் இறுகிக்கொண்டே போனது, தொடைச் சதை வற்றியது. இன்னும் இரண்டு வாரம் இப்படியே கிடந்தால் செய்த சிகிச்சையெல்லாம் வீண் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு அவள் அம்மா வராந்தாவில் நின்று அழுதாள்.

இந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தால்தான் உடம்பு அசையும் என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். பதினோராம் நாள் காலை அவளை வெந்நீர்த் தொட்டிப் பயிற்சிக்கு அழைத்துப் போன சமயம், மாப்பிள்ளையை எடுத்துத் துணி அலமாரியில் வைத்தேன். கடத்தல் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். சரியான வார்த்தைதான். ஆனால் அவனுக்கு அங்கே தலையணை இருந்தது, காற்று இருந்தது. பழக்க தோஷத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியும் படுக்க வைத்தேன்.

பிறகு இடது கையால் ஒரு கடிதம் எழுதி அவள் பால் டம்ளருக்கு அடியில் வைத்தேன். ‘மாப்பிள்ளை எங்களிடம் இருக்கிறான். உயிரோடு வேண்டுமானால் பன்னிரண்டு அடி நடந்து நர்ஸ் மேஜைக்கு வறவும்.’

அவள் அதை நிதானமாகப் படித்தாள். “வரவும்னா சின்ன ர-தானே சிஸ்டர்?” என்று கேட்டாள். கடத்தல்காரன் எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று வேண்டுமென்றே செய்தது அது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்னால முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும். தெரிஞ்சே கேக்கறாங்க.”

மறுநாள் மாப்பிள்ளையைத் திருப்பும்போது வயிற்றுக்குள் ஏதோ சரசரத்தது. அடி வயிற்றில் தையலைப் பிரித்து அவள் அதைப் பெட்டகமாக வைத்திருந்திருக்கிறாள். உள்ளே இரண்டு மிட்டாய், விழுந்த பால் பல் ஒன்று, நாலாக மடித்த சீட்டு ஒன்று. சீட்டைப் பிரித்தேன். சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘ஏழாம் படுக்கை. நடக்காது.’ கீழே என் கையெழுத்து.

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. கட்டுப் போட்ட இரண்டாவது வாரம், மாவுக்கட்டுப் போடும் தம்பி எனக்கு ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருந்தான். ஏழாம் படுக்கைப் பாப்பா தன் கழுதைக்கும் ஒரு கட்டுப் போடச் சொல்கிறது, போடலாமா என்று. அன்று எனக்கு மூன்று புது அட்மிஷன். நடக்காது என்று பதில் எழுதி வைத்தேன். படுக்கை எண் போட்ட காகிதம் எதுவானாலும் அந்தப் படுக்கையின் கால்மாட்டு அட்டையில் மாட்ட வேண்டும் என்பது எங்கள் வார்டு வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான். சீட்டை அங்கே மாட்டியவளும் நான். சிவப்பு மையில் எழுதியதை டாக்டரே மாற்ற முடியாது என்று அவளிடம் பெருமையாகச் சொல்லிவைத்தவளும் நானேதான்.

ஆக, அந்தப் பெண் எட்டு வாரமாக அந்தச் சீட்டைக் கழுதை வயிற்றில் ஒளித்துக்கொண்டு, அம்மா பார்த்தால் அழுவாளே என்று யாரிடமும் சொல்லாமல் படுத்திருந்திருக்கிறாள்.

அப்போதே போய், “கண்ணு, அது உன்னைப் பத்தி எழுதினது இல்ல, கழுதையைப் பத்தி” என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. அதைப் பற்றி நான் நன்றாக யோசித்தேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசித்தேன். பிறகு காதை வெட்டினேன்.

காரணம் கேட்டீர்கள். புதிதாக வரும் நர்சுகளுக்கு, குறிப்பு எப்படி எழுத வேண்டும் என்பதற்கு என் ஏட்டைத்தான் காட்டுகிறார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ‘திரும்பிப்படு சிஸ்டர் எழுதின ஒரு வார்த்தையால ஒரு குழந்தை படுத்த படுக்கையாயிடுச்சு’ என்று நாளைக்கு யாராவது சொன்னால், அந்த ஏட்டின் மேல் இளம் நர்சுகளுக்கு நம்பிக்கை போய்விடும். வருங்காலக் குழந்தைகளின் நலனையும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

வலது காதில் துவைக்கும் முறை எழுதிய துணிச்சீட்டு இருந்ததால் இடது காதைத் தேர்ந்தெடுத்தேன். ஓரத்தில் பஞ்சு வெளியே வராமல் ஒட்டுப்பட்டை போட்டு, புண்ணுக்குக் கட்டும் சுத்தமான காஸ் துணியில் சுற்றி, காலைச் சாப்பாட்டுத் தட்டில் இட்லிக்கோ ரொட்டிக்கோ இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக வைத்து அனுப்பினேன்.

அவள் அழவில்லை. காதை எடுத்து, ஒட்டுப்பட்டையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தாள். எட்டு வாரமாக மாவுக்கட்டு அறையைப் பார்த்தவள் அல்லவா.

“இது கட்டு வெட்டற கத்திரி. மாவுக்கட்டு மாமாதான்.” பிறகு என்னைப் பார்த்தாள். “சிஸ்டர், வாக்கர் எங்க? புகார் குடுக்கணும்.”

நான் வாக்கரைக் கொண்டுவந்தேன். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றேன். முழங்கால் கிடுகிடுவென்று நடுங்கியது. ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழுக்கு மேல் எண்ண மறந்துவிட்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. மேஜைக்கு வந்ததும் அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். “எழுதிப் போட்டது தப்பு” என்று மெதுவாகச் சொன்னாள். என் காதில் விழவில்லை என்பதுபோல் பேனாவைத் தேடினேன்.

“எழுதுங்க சிஸ்டர். மாவுக்கட்டு மாமா மாப்பிள்ளையைக் கடத்திக் காதை வெட்டினாரு.”

எழுதினேன். அழகாகவே எழுதினேன். விசாரணை நாளைக்கு, மருந்து அறையில் என்று வாய்தா கொடுத்தேன். மருந்து அறைக்கு முப்பது அடி. மறுநாள் வந்தாள். சாட்சி போதாது என்று சொல்லி வழக்கைப் பயிற்சிக் கூடத்துக்கு மாற்றினேன், ஐம்பத்தைந்து அடி. அதற்கடுத்த நாள் சாட்சிகளை அழைத்துக்கொண்டு வந்தாள். சக்கர நாற்காலியில் ஒன்று, ஊன்றுகோலில் இரண்டு, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்று. யாரும் எதையும் பார்த்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் சொல்ல நிறைய இருந்தது. எட்டாம் நாள் வழக்கு வெளி நோயாளிப் பிரிவு வரை போயிருந்தது. அதற்குள் அவள் வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்துவிட்டாள். பகலில் வார்டுக்குள் வந்தால் பாதிப் படுக்கை காலி. பயிற்சி அம்மாளுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தீர்கள். நானும் கை தட்டினேன்.

மாவுக்கட்டுத் தம்பி பாடுதான் பாவம். சாது. எறும்பைக்கூட ஓரமாகத் தள்ளிவிட்டு நடப்பவன். அவனைக் கண்டாலே குழந்தைகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டன. ஒரு நாள் என் எதிரில் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அக்கா, நான்தான் செஞ்சேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு.”

அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் மாப்பிள்ளையை விடுதலை செய்தேன். வழக்குப் பொருளாக அவளிடம் வாங்கி வைத்திருந்த காதைத் தைத்தேன். என்ன இருந்தாலும் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தக் கட்டுதானே என்று முன்னங்காலில் ஒரு மாவுக்கட்டும் போட்டுப் படுக்கையில் வைத்தேன். அதுதான் தம்பிக்கு வினையாகிவிட்டது. மாவுக்கட்டு இருக்கிறது, பிறகு என்ன அத்தாட்சி வேண்டும் என்று நீங்கள் அவனைக் கூப்பிட்டீர்கள். கழுதைக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான்.

“கடத்தினேன்னு சொல்லுங்க, காதை வெட்டினேன்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன். ஆனா இந்தக் கட்டை நான் போட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. இதுக்கு என்னைத் தூக்குல போட்டிருக்கலாம்.”

அவனைக் கிடங்குக்கு மாற்றப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவன் செய்யவில்லை. நான்தான் செய்தேன். அந்தக் கட்டு அவ்வளவு மோசம் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் அன்று குட்டி வக்கீல் ஊன்றுகோலை ஊன்றி நடந்தே வந்து என்னிடம் விடைபெற்றாள். மாப்பிள்ளை அவள் முதுகுப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் குனியச் சொல்லிக் காதோடு பேசினாள்.

“காதை நல்லாத்தான் தச்சிருக்கீங்க சிஸ்டர். வயித்துல ஒரு சீட்டு இருந்துச்சு. அதை மட்டும் காணோம்.”

“எந்தச் சீட்டு கண்ணு?” என்றேன்.

அவள் என் சட்டையில் குத்திய பெயர் அட்டையைப் பார்த்தாள். “சரி, கேஸை முடிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தாள்.

அந்தச் சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். இனி இப்படி நடக்காது என்று என் கையால் எழுதித் தரச் சொல்கிறீர்கள். இத்தனைக்கும் காரணமே அந்த ஒரு வார்த்தைதான் என்பதை உணர்ந்து, இந்த ஜென்மத்தில் அதை மறுபடி எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆகவே மன்னிக்கவும். மாவுக்கட்டு அறைக் கத்தரிக்கோலை இப்போது எந்த அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். நான்காம் படுக்கைக்கு நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. தலைமாட்டில் ஒரு யானை இருக்கிறது. நல்ல பெரிய காது.