தலைவரைச் சுற்றிய இயந்திரம்

விழா மேடையின் நடுவே வீற்றிருக்கும், ஊர்ப் பொதுநலச் சங்கத்தின் ஒப்பற்ற தலைவர், ஓங்குபுகழ் ஜானகிராமன் அவர்களே! தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் நாற்காலி இல்லாமலே நிற்கின்ற உதவியாளர் குமார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து முறுக்கு மென்றபடியே என்னை முறைக்கின்ற பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கையில் போனுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! மலைக்கோயிலில் கழுகு வருமா வருமா என்று அண்ணாந்து பார்த்துப் பழகியதாலோ என்னவோ, ஆறு மணிக் கூட்டம் எட்டு மணிக்குத் தொடங்கியும் கோபப்படாமல் காத்திருக்கும் திருக்கழுக்குன்றத்துச் சுற்றுவட்டாரப் பெருமக்களே! மைக் செட் ஜெபசிங் அவர்களே! அனைவருக்கும் பெண்கள் காயில் பயிற்சிக்கூடத்தின் செயலாளர் வேண்டாவின் வணக்கம்.

நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் எனக்கு வைத்த பெயர் அது. வைத்தவர்கள் சலிப்பில் வைத்தார்கள். இன்றைக்கு மேடையில் சிலபேர் முகத்தைப் பார்த்தால், அந்தப் பெயரை அவர்களும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பது தெரிகிறது.

அழைப்பிதழைப் பார்த்தீர்களா? வரவேற்புரை உண்டு, தலைமையுரை உண்டு, வாழ்த்துரை உண்டு, நன்றியுரை உண்டு. என் பெயருக்கு நேரே என்ன அச்சடித்திருக்கிறார்கள்? மன்னிப்புரை! தமிழ் மேடை எத்தனையோ உரைகளைக் கண்டிருக்கிறது. இப்படி ஓர் உரையைக் கண்டுபிடித்த பெருமை நம் சங்கத்தையே சேரும். மூன்று நிமிடம் தந்திருக்கிறார்கள். குமார், நீங்கள் இப்போதே கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இன்னும் பொன்னாடையைப் பற்றியே நான் பேசவில்லை.

எதற்கு மன்னிப்பு? வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளூர்க்காரர்கள் போனில் நாற்பது தடவை பார்த்து ரசித்துவிட்டார்கள்.

மூடிக்கிடந்த பால் சொசைட்டிக் கட்டடத்தில், சங்கத்தின் அனுமதியோடு, நாங்கள் ஆறு பெண்கள் சாயங்காலங்களில் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், கட்டப் பழகினோம். பகலில் ஒருத்தி வயலுக்குப் போகிறாள், ஒருத்தி தையல் கம்பெனிக்குப் போகிறாள். சிநேகா நாவலூரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் தரை துடைக்கிறாள். இருட்டியதும் எல்லோரும் தாமிரக் கம்பியோடு மல்லுக்கட்டினோம். அப்போது எங்கள் சந்திரம்மா ஒருநாள் கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: “இன்னாடி இது, மூடி வெச்ச மோட்டாருக்குள்ள இன்னா நடக்குதுன்னு எவளுக்குத் தெரியும்? தொறந்த மெஷினா ஒண்ணு செஞ்சி, கண்ணால பாத்தாத்தான் எனுக்கு மண்டையில ஏறும்.”

அவள் கேட்டதில் என்ன தப்பு? ஆகவே ஆதியிலிருந்து தொடங்கினோம். அண்ட சராசரம் உண்டான ஆதி அல்ல. மோட்டார் பிறந்த ஆதி!

அந்த ஆதியை அறிவீர்களா, அவையோரே? இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் லண்டனில் ஒருவர், கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றினார். நடுவில் காந்தத்தை நிறுத்தினார். மேலேயிருந்து கம்பியைத் தொங்கவிட்டு, மின்சாரத்தைச் செலுத்தினார். கம்பி என்ன செய்தது? காந்தத்தைச் சுற்றிச் சுற்றிச் சுற்றி வந்தது! மின்சாரம் பாய்ந்து ஒரு பொருள் முதன்முதலாக ஓயாமல் சுழன்றது அங்கேதான். தண்ணீர் இறைத்ததா? இல்லை. மாவு அரைத்ததா? இல்லை. சும்மா சுற்றியது. சும்மா சுற்றுவதற்கு நம் ஊரில் ஆளா இல்லை என்று பின்வரிசையில் யாரோ கேட்கிறார். ஐயா, பதவியில் இருப்பவர்களைப் பற்றி இந்த மேடையில் பேசக்கூடாது!

பத்தாண்டு கழித்துப் பாரிஸில் ஒரு கருவி செய்பவர், அதையே திருப்பிப் போட்டார். இரண்டு காயிலுக்கு அடியில் குதிரைலாடக் காந்தத்தைக் கைப்பிடி போட்டுச் சுழற்றினார். மின்சாரம் பிறந்தது! பிறந்த பிள்ளை சும்மா இருந்ததா? முன்னால் ஓடியது, பின்னால் ஓடியது, மறுபடி முன்னால் ஓடியது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஓர் உலோக வளையத்தை இரண்டாய்ப் பிளந்து அச்சில் மாட்டினார்கள். பிளந்த வளையம் சுழலச் சுழல, முன்னும் பின்னும் ஓடிய மின்சாரம் ஒரே பக்கமாக நடந்தது. அந்த வளையத்துக்குப் பெயர்தான் கம்யூட்டேட்டர். பின்னால் வந்தவர்கள் காந்தத்தை நிறுத்திவிட்டுக் காயிலைச் சுழலவிட்டார்கள். அந்த ஜாதி இயந்திரத்தைத்தான் நாங்கள் செய்தோம்.

காந்தம் எங்கே கிடைத்தது? ஜெபசிங்கின் கிழிந்துபோன ஸ்பீக்கர்களில். பிளந்த வளையம்? தாமிரக் குழாயின் ஒரு துண்டில். பெரிய சக்கரம், சின்னப் பல்சக்கரம், சங்கிலி? சந்திரம்மா வீட்டுக்காரர் சைக்கிளில். அவர் இன்னும் நடந்துதான் போகிறார், அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்! கம்பியைச் சுற்றியவள் சிநேகா. ஒரு சுற்று ஏறி விழுந்தாலும் பிரிப்பாள், மறுபடி சுற்றுவாள், மறுபடி பிரிப்பாள். “போதும்டி, நல்லாத்தான் கீது” என்றால், “நல்லாக்கீது வேற, சரியாக்கீது வேறக்கா” என்பாள். எனக்குக் கோபம் கோபமாய் வரும். ஆனால் கைப்பிடியைச் சுழற்றி முதல் தடவை பல்பு எரிந்தபோது நான் அழுதுவிட்டேன். ஆமாம், இந்த வேண்டாதான்!

சரி, எங்கள் கூடத்தின் திறப்பு விழாவுக்கு வருகிறேன். தலைவர் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும், பல்பு எரிய வேண்டும். இவ்வளவுதான் நிகழ்ச்சி. நாங்கள் ஆரத்தித் தட்டோடு வாசலுக்குப் போயிருந்தோம். உள்ளே என்ன நடந்தது? குமார் அவர்களுக்குத் தலைவர்மேல் பாசம் பொங்கியது. ஜெபசிங்கைக் கூப்பிட்டுச் சொன்னாராம்:

“அண்ணாத்த, தலைவரு கை ஓஞ்சா பல்பு அணஞ்சிடும்பா. தெறப்பு விழாவுல வெளக்கு அணஞ்சா நல்லாவா இருக்கும்? உன் வண்டி பேட்டரிய ஒயர்ல ஒரு ஓரமா குடுத்து வையி. தலைவரு சுத்த ஆரம்பிச்சதும் சுவிச்ச போட்டுடு. கையி நின்னாலும் எரிஞ்சிகினே இருக்கும்.”

ஜெபசிங், மறுக்காதீர்கள், நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பல்பு அணையக்கூடாது என்று மினி லாரி பேட்டரியை மாட்டினார்கள். பாசம் நல்லதுதான். பிளஸ்ஸும் மைனஸும்கூடச் சரியாகவே மாட்டியிருந்தார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன்!

தலைவர் வந்தார். பொன்னாடை பளபளக்கக் கைப்பிடியைப் பிடித்தார். சுழற்றினார். பல்பு எரிந்தது. கைதட்டல் வானைப் பிளந்தது. போட்டோக்காரர், “சார், இன்னும் ஒருவாட்டி, இப்டி பாத்து சிரிங்க” என்றார். தலைவர் சிரித்தார், கையைத் தளர்த்தினார். அந்த நொடியில், அன்பர்களே, அதுவரை தலைவர் இயந்திரத்தைச் சுழற்றினார், அதன் பிறகு இயந்திரம் தலைவரைச் சுழற்றியது! மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த காயில், பேட்டரியிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஜெனரேட்டராக இருந்தது மோட்டார் ஆகிவிட்டது. தலைவர் நிறுத்திவிட்டார், கை நிற்கவில்லை! மேலே போகிறது, கீழே வருகிறது, மேலே போகிறது, கீழே வருகிறது. விட்டுவிடலாமே என்கிறீர்களா? எப்படி விடுவார்? எதிரில் கேமரா. பிடித்த பதவியை எந்தத் தலைவர் அய்யா கேமரா முன்னால் விட்டிருக்கிறார்?

அதற்குள் பொன்னாடை அச்சில் மாட்டியது. நம் தலைவர் யாருக்கும் தலைவணங்காதவர். அன்றைக்கு வணங்கினார், நன்றாகவே வணங்கினார். சிநேகாதான் ஓடிவந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். தலைவரின் உடம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. நாங்கள் எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னோம், அது விளையாட்டு இல்லை. அமெரிக்காவில் ஒரு கொல்லர் முதன்முதலாக மோட்டார் செய்தபோது, கம்பிக்கு மேலே சுற்றத் துணி இல்லாமல் மனைவியின் பட்டு உடுப்பைக் கிழித்துச் சுற்றினார் என்று ஒரு கதை உண்டு. இந்த இயந்திரங்களின் பரம்பரைக்கே பட்டுமேல் ஓர் ஆசை இருக்கிறது என்று பெரிய மனதோடு தலைவர் சிரித்திருக்கலாம். சிரித்தாரா?

மறுநாள் காலையில் கூடத்துக்குப் பூட்டு.

“கோளாறு மெஷின செஞ்சி எம் மானத்த வாங்கிட்டாளுங்க. ஆண்டு விழாவுல மேடையேறி, மெஷின் கோளாறுன்னு ஒத்துகினு மன்னிப்பு கேட்டா தொறப்பேன்.” தலைவர் சொன்னது இது, ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. அந்த இயந்திரத்தையும் இதோ, சாக்குப் போட்டு மூடி, குற்றவாளி மாதிரி மேடை ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வலிக்குமா? பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடமே நான் மன்னிப்புக் கேட்கிறவள். தலைவருக்கு வருத்தம் என்றால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் கேளுங்கள். வருகிற வியாழக்கிழமை சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து மோட்டார் கம்பெனி ஒன்றில் சிநேகாவுக்கு இன்டர்வியூ. காயில் கட்டும் வேலை. “நீயே சுற்றிய மெஷினைக் கொண்டுவந்து காட்டு” என்று அங்குள்ள சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அந்த சூப்பர்வைசர் யார்? தலைவருக்குத் தெரிந்தவர். தலைவர் அவரிடம் போனில் என்ன சொன்னார்? “அது கோளாறு மெஷினுப்பா.”

இப்போது நான் என்ன செய்வது, நியாயம் சொல்லுங்கள்! மன்னிப்புக் கேட்காவிட்டால் பூட்டு திறக்காது, பழக இடம் இல்லை. கேட்டால் பூட்டு திறக்கும், ஆனால் அவள் சுற்றியது கோளாறு என்று ஊரறிய நானே முத்திரை குத்தியதாகும். நேற்று சிநேகா என்னிடம் வந்தாள். “அக்கா, நீ மன்னிப்பு கேட்டுடு, மத்தவங்களாவது கத்துக்கட்டும். எனுக்குத் தொடப்பம் இருக்கவே இருக்குது” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். எனக்கு நெஞ்சு எரிந்தது, அய்யா. இப்போதும் எரிகிறது!

அதனால் தலைவர் அவர்களே, நான் உங்களுக்கு ஒரு கண்காட்சியைச் சொல்கிறேன். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் வியன்னா நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, இன்னொன்று சும்மா நின்றது. யாரோ ஒருவர் ஓடுவதன் ஒயரை நிற்பதில் மாற்றி மாட்டிவிட்டார் என்று சொல்வார்கள். சும்மா நின்றது தானாகச் சுழலத் தொடங்கியது! ஐயோ கோளாறு என்று யாராவது கத்தினார்களா? பூட்டுப் போட்டார்களா? மன்னிப்புரை அச்சடித்தார்களா? இங்கே பிறக்கும் மின்சாரம் எங்கேயோ இருக்கும் மோட்டாரை ஓட்டும் என்று ஊரைக் கூட்டிக் காட்டினார்கள்! இன்றைக்கு உங்கள் வயலில் தண்ணீர் கொட்டுகிறதே, நாவலூரில் லிஃப்ட் ஏறுகிறதே, ஓ.எம்.ஆர். சாலையில் மின்சார ஸ்கூட்டர் பறக்கிறதே, எல்லாம் அந்தக் காட்சிக்குச் சொந்தம்தான். பேட்டரியைக் கொடுத்தும் சுழலாமல் நின்றிருந்தால்தான் எங்கள் இயந்திரம் கோளாறு. அது சுழன்றது! உங்களையும் சேர்த்துச் சுழன்றது! ஆறு பெண்கள் செய்த இயந்திரம், ஆறடித் தலைவரை ஆட்டி வைத்தது என்றால், அதைவிட நல்ல சர்ட்டிபிகேட் எந்தக் கம்பெனிக்கு வேண்டும்?

கைதட்டாதீர்கள், தட்டாதீர்கள். குமார், நேரம் முடிந்தது எனக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டேன், அதோடு போகட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். தலைவர் அவர்களே, எழுந்து வாருங்கள். பேட்டரி இல்லை, பொன்னாடையைக் குமாரிடம் கொடுங்கள். உங்கள் கையால் நீங்களே சுழற்றிப் பாருங்கள். கோளாறு என்று உங்கள் கை சொன்னால், நான் இதே மேடையில் உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

வருவாரா? எழுந்துவிட்டார்! சிநேகா, சாக்கை எடு. வழிவிடுங்கள், போட்டோக்காரர் தள்ளி நில்லுங்கள். பிடித்துக்கொண்டார், சுழற்றுகிறார், மெதுவாக, இன்னும் கொஞ்சம், எரிகிறது! எரிகிறது பாருங்கள்! நிறுத்துகிறார், அணைகிறது, கையும் நின்றுவிட்டது. மறுபடியும் சுழற்றுகிறார். தலைவரே, யாரும் கேட்கவில்லை, நீங்களாகவே மூன்றாவது தடவையும் சுழற்றுகிறீர்கள்! கனமாக இருக்கிறதா? பல்பு எரியும்போது அப்படித்தான் இருக்கும்.

என்னவோ சொல்கிறார். ஜெபசிங், அந்த மைக்கைக் கிட்டே கொண்டுபோங்கள்.

“மெஷின்ல கோளாறு இல்லமா. நான் அந்த ஆளுக்கு போன் பண்ணி சொல்லிடறேன். சாவி குமாருகிட்ட கீது, வாங்கிக்கோ.”

கேட்டீர்களா, பெரியோர்களே? கேட்டீர்களா, தாய்மார்களே? தலைவர் அவர்களே, உங்களைக் கிண்டல் செய்த இந்த வாயாலேயே சொல்கிறேன், நீங்கள் பெரிய மனிதர். குமார், சாவியைத் தேடுவது போல நடிக்காதீர்கள், மேல்பையில்தான் இருக்கிறது. சிநேகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கு.

பொறுமையாகக் கேட்ட பெருமக்களுக்கும், முறுக்கை நிறுத்திவிட்டுக் கைதட்டிய முன்வரிசைக்கும், சைக்கிளை இழந்த அந்த நல்லவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இன்னும் நிறையச் சொல்ல ஆசைதான். ஆனால் அங்கே பாருங்கள், என் ஆட்கள் ஐந்து பேரும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள். வியாழக்கிழமைக்கு முன்னால் இன்னும் ஒரு காயில் கட்ட வேண்டுமாம். சந்திரம்மா, நில்லுடி, நானும் வர்றேன். எல்லோருக்கும் வணக்கம்!