தவளைகளுக்குத் தனித் தீனி

அந்தத் தவளைகளை வாங்கும் யோசனை என்னுடையதல்ல என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன். எனக்கு மீன்களே போதும். போட்டதைத் தின்றுவிட்டுப் பேசாமல் நீந்தும்.

எங்கள் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. விசாரணை அதிகாரியாக வந்த அன்று நீங்களும் வேலையை விட்டுவிட்டு அதன் முன்னால் நின்றீர்கள். அதில் இருபது மீன்கள் இருந்தன. முதலாளியின் மகள் ஒருநாள் நான்கு நீர்த்தவளைகளைப் பையில் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டு, "எவ்ளோ க்யூட் பாருங்க சார்" என்றாள். கட்டைவிரல் நுனியளவு இருக்கும். கரைக்கு வராது; மூச்சுக்கு மட்டும் மேலே வந்து போகும். கண்ணும் சரியாகத் தெரியாது. வாசனை பிடித்து, தடவித் தடவித் தீனிக்கு அருகில் வருவதற்குள் மீன்கள் முடித்துவிடும். இப்படியொரு பிராணியைப் பற்றி எனக்கு என்ன அபிப்பிராயம் இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

மூன்றாவது வாரம் தையல் டீச்சர் என் மேசைக்கு வந்தார். முப்பது வருடம் பள்ளிப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துவிட்டு, எங்கள் நாற்பது பேரில் ஒருவராக வந்து சேர்ந்தவர். மேலாளரான என்னை எல்லோரும் சார் என்பார்கள். அவர் மட்டும் தம்பி என்பார்.

"தம்பி, தவளைங்க மெலிஞ்சுபோச்சு. சாப்பிடவே இல்ல."

"தீனி போட்டாச்சும்மா."

"போட்டீங்க, யாரு இல்லன்னா? அது சாப்பிட்டுச்சான்னுதான் கேக்குறேன்."

அந்த வாரமே ஒரு தவளை செத்து மிதந்தது. முதலாளியின் மகள் வந்தபோது, நாற்பது பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில் டீச்சர் உரக்கச் சொன்னார்: "தம்பிக்குக் கொட்டத்தான் தெரியும், ஊட்டத் தெரியாது." கூடம் சிரித்தது. பல் இல்லாதவர்களும் சிரித்தார்கள். சமையலம்மா கரண்டியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது. "அப்போ தவளை இனிமே டீச்சர் பொறுப்பு சார்" என்றாள் முதலாளியின் மகள். நானும் சிரித்துவைத்தேன்.

டீச்சர் ஒரு நீள இடுக்கி வாங்கிக்கொண்டார். தண்ணீரின் இழுப்பில் தவளைகள் அலைக்கழிகின்றன என்று ஃபில்டரின் வேகத்தைக் குறைக்கவைத்தார். தொட்டியின் ஒரு மூலையில் மீன்களுக்குத் தீனி தூவி ஏமாற்றிவிட்டு, மறு மூலையில் சிவப்புப் புழுவை இடுக்கியால் பிடித்துத் தவளையின் மூக்குக்கு நேரே காட்டுவார். அது கவ்வும்வரை கை அசையாது. மூன்று தவளைகளுக்கு அரைமணி நேரம். அதைப் பார்க்க நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரும் அளவுக்குத்தான் எங்கள் ஆட்களுக்கு வேலை இருந்தது.

எட்டு மாதம் கழித்து டீச்சருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு போனது, பார்வை பாதியானது. ஒருவர் கூடவே இருந்து மெதுவாக ஊட்டவேண்டும், நாற்பது நிமிடமாவது ஆகும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தைக் கண்டுபிடித்ததாக நீங்கள் பெருமைப்பட்டுக்கொள்கிறீர்கள். அது என் மேசையின் முதல் இழுப்பறையில், எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

டீச்சரைப் பொதுமேசையில் எல்லோரோடும் உட்காரவைத்தேன். தட்டு எல்லோருக்கும் வைக்கப்படும். இருபத்தைந்து நிமிடத்தில் எல்லோருடையதும் எடுக்கப்படும். அவருடைய இடது கை மேசைமேல் தடவித் தடவி வரும். அதற்குள் பக்கத்தில் இருக்கும் பழைய பஸ் கண்டக்டர், "டீச்சருக்கு வேணாம்போல" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"சார், நான் ஊட்டிவிடட்டுமா?" என்று சமையலம்மா கேட்டாள்.

"ஒருத்தருக்கு ஊட்டுனா நாப்பது பேரும் வாயத் திறப்பாங்க."

"துரும்பா ஆயிட்டாங்க சார், பாக்கவே முடியல."

"முடியலன்னா பாக்காத. வேலை வேணுமா, வேணாமா?"

அவள் பாத்திரம் கழுவப் போனாள். நல்ல மனசுக்காரர்கள் அவ்வளவு தூரம்தான் வருவார்கள்.

பதினோரு வாரம். பதிவேட்டில் ஒவ்வொரு வேளைக்கும் 'உணவு வழங்கப்பட்டது' என்று எழுதி ஒப்பமிட்டேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. கடைசியாக எடை பார்த்தபோது முப்பத்தொரு கிலோ. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழவில்லை.

தானாகச் சாப்பிட முடியாதவருக்கு ஊட்டவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது என்று நான் எழுதினால் கவனக்குறைவு என்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று பார்க்கிறீர்கள். உங்கள் தயவு எனக்கு வேண்டாம். தெரியும். பட்டினி போட்டுத்தான் கொன்றேன். தட்டை அவர் முன்னால் வைத்தே கொன்றேன்.

தெரியும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் தொட்டியைப் பாருங்கள். டீச்சர் விழுந்த பிறகு தவளைகளுக்குத் தீனி கொடுத்தது நான்தான். முதலாளியின் மகள் சனிக்கிழமைதோறும் அவற்றை எண்ணிப் பார்ப்பாள். அதனால் தினமும் மதியம், தட்டுகளை எடுத்த பிறகு, அரைமணி நேரம் ஒதுக்கினேன். கை அசையாமல் பிடிக்க நான்கே நாளில் பழகிவிட்டது. மூன்றும் இன்றுவரை கொழுகொழுவென்று இருக்கின்றன.

அந்த அரைமணி நேரமும் டீச்சரின் சக்கர நாற்காலியைத் தொட்டிக்கு அருகிலேயே கொண்டுவந்து நிறுத்தச் சொல்வேன். அவர் இடுக்கியின் முனையையே பார்த்துக்கொண்டிருப்பார். வாய் லேசாகத் திறந்திருக்கும். சொல்லிக்கொடுத்ததை நான் சரியாகச் செய்கிறேனா என்றுதான் கவனித்தார். செய்தேன். அதில் அவருக்குக் கடைசிவரை என்மேல் ஒரு குறையும் இருந்திருக்காது.