அரம் பிடிக்காத பின்

மாலை ஆறரை. திரிங்காப் என்ற மலையூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் செம்மண் ரோடு. மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வருவது லோரியா ஆளா என்று தெரியாது... கம்பளியை இந்தப் பக்கம் இழுங்கடி. என் தோழி ஜெயாவின் சித்தப்பாவுக்கு நடந்தது இது. எழுபத்தொன்பதில்.

சித்தப்பா ராமையா தோட்டத்து ஃபிட்டர். டிராக்டரோடு டிரெய்லரைக் கோக்கும் இரும்புப் பின் சீக்கிரம் தேய்கிறதென்று துரை ஏசினார். தேயாத பின் அன்றைக்கே வேண்டுமாம். சித்தப்பா இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். ஸ்ஸ்ஸ்... அரத்தால் உரசினார். அரம் பிடிக்காமல் வழுக்கியது. அவ்வளவுதான் சோதனை. மறுபடி அளவான சூட்டில் வாட்டினால்தான் முறுக்கு தணியும். சம்மட்டியால் அடித்தும் பார்க்க வேண்டும். துரை நேரம் கொடுக்கவில்லை. வாட்டாமல் விட்ட இரும்பு தேயாது. ஓர் அதிர்ச்சி போதும், கண்ணாடி மாதிரி முறியும். இதைப் படித்துத்தான் நான் பட்டம் வாங்கினேன். இலை ஏற்றும் வண்டியில் பெண்களை ஏற்றக்கூடாது என்று தெரிய எந்தப் பட்டமும் வேண்டாம்.

கொழுந்தெடுத்து முடித்து, பனியில் நனைந்த தலையோடு டிரெய்லரில் ஏறும்போது அவர் மனைவி வடிவம்மாள் கேட்டாள்: "ஓங்க பின்னு தாங்குமா?"

"ஒன்னய மாதிரிதான். அரமே பிடிக்கல. ஏறு லா."

மேட்டு வளைவில் டிங்கென்று ஒரு சத்தம். டிரெய்லர் பின்னால் உருண்டது. மற்றவர்கள் குதித்துவிட்டார்கள். வடிவம்மாள் வண்டியோடு பள்ளத்துக்குப் போனாள்.

தப்பு ஃபிட்டருடையது என்று துரை முடித்துவிட்டார்.

அதன்பிறகு சித்தப்பா தினமும் ஒரு பின் செய்தார். பக்குவமாக வாட்டினார். சம்மட்டி போட்டுப் பார்த்தார். வளைந்தது, உடையவில்லை. பெஞ்சில் வைத்துப் பட்டறையைப் பூட்டுவார். காலையில் அது இரண்டு துண்டு. முறிந்த இடம் சர்க்கரை மாதிரி மின்னும். பூட்டிய அறைக்குள் பச்சைக் கொழுந்து வாசம்...

தோட்டத்தை விட்டு வந்துவிடச் சொல்லி ஜெயா அழுதாள். அவர் கேட்கவில்லை.

"அவ சோதிக்கிறா ஆயி. ஒண்ணாச்சும் ஒடையாம இருந்தா, என்னய மன்னிச்சிட்டான்னு அர்த்தம்."

ஒரு நாள் காலை பட்டறை திறந்து கிடந்தது. பெஞ்சில் பின் இல்லை. துண்டுகளும் இல்லை.

பள்ளத்தில் நொறுங்கிக் கிடந்த டிரெய்லர் மேட்டு வளைவில் நின்றது. டிராக்டரோடு கோத்தபடி. பின் முழுசாக இருந்தது... ஒரு கீறல் இல்லை.

சித்தப்பா டிரெய்லரில் ஓரமாக, பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. அன்று மழையும் இல்லை, பனியும் இல்லை. அவர் வலது தோள் காய்ந்திருந்தது. காலியிடத்துப் பக்கம், இடது தோள் மட்டும்... ஒரு தலை சாய்கிற அளவுக்கு நனைந்திருந்தது.