முப்பது ஆண்டு லெப்டினன்ட்

இந்தப் பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாங்கிக்கொண்டே இருக்கும், எங்கள் மன்றத் தலைவர் அரியரத்தினம் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வேலை முடித்து நகரின் மறுகோடியில் உள்ள புவாண்ட்-கிளேரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் துணைச் செயலாளர் நிரஞ்சனியின் பணிவான வணக்கம்.

எத்தனை ஆண்டாகத் துணை என்று கேட்கிறார் பின்வரிசை அண்ணை. பதினேழு ஆண்டு, அண்ணை.

நிர்வாகசபைத் தேர்தலைப் பற்றித்தான் பேச வந்தேன். மேடைப் படியிலேயே தலைவர் மறித்தார். "தங்கச்சி, தேர்தல் கதை இண்டைக்கு வேண்டாம். அதைப் பேந்து பாப்பம். பிள்ளையளுக்குப் பிரயோசனமா ஒரு சரித்திரம் சொல்லுங்கோ" என்றார். ஓம், சரித்திரமே சொல்கிறேன்!

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கடற்படையில் அமோஸ் பிக்ஸ்பி என்று ஓர் அதிகாரி. பதினாலு வயதில் கப்பலேறினார். இருபத்தாறில் லெப்டினன்ட் ஆனார். பாய்மரம் முறிந்த புயலில் கப்பலைக் கரைசேர்த்தவர் யார்? பிக்ஸ்பி! காற்றோடும் கடலோடும் கொள்ளையரோடும் போராடிக் களைத்தவர் யார்? பிக்ஸ்பி! அவர் கப்டன் ஆனாரா? ஆகவில்லை, ஐயா, ஆகவில்லை! மூப்பு வரிசையே அன்று சட்டம். மேலே இருப்பவர் செத்தாலொழியக் கீழே இருப்பவருக்கு இடமில்லை. ஏணியில் ஏற முடியாத கப்டனைக் கதிரையில் இருத்திக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கண் தெரியாத அவருக்குக் கடல்வரைபடத்தை வாசித்துக் காட்டியவர் பிக்ஸ்பி. முப்பது ஆண்டு கழித்துப் பிக்ஸ்பிக்குப் பதவிக் கடிதம் வந்தது. அதற்குள் அவருக்கும் பார்வை போய்விட்டது. கடிதத்தை வாசித்துக் காட்டியவர், தலை நரைத்த இன்னொரு லெப்டினன்ட்!

சிரிக்கிறீர்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆண்டுதோறும் பேந்து, பேந்து என்று பிறகுக்குத் தள்ளுகிறீர்களே, அந்தப் பேந்து எப்போது வரும்? இந்த ஊர் நகரசபைக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதத் தெரிந்த இளையவர்கள் எத்தனை பேர் வந்தார்கள், காத்திருந்தார்கள், சலித்துப்போய்க் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் வேறு சங்கம் தொடங்கிவிட்டார்கள்!

தலைவர் மணி அடிக்கிறார். நன்றாக அடியுங்கள், ஐயா. ஒரே கேள்வியோடு முடிக்கிறேன். சபையோரே, தேர்தல் இன்றே, இங்கேயே நடக்க வேண்டும் என்போர் கையை உயர்த்துங்கள்!

ஒருவருமில்லையா? இத்தனை பேரில் ஒரு கை கூடவா இல்லை?

அதோ, முன்வரிசையில் ஒரு கை! தலைவர் அவர்களே, என்னை முறைக்காதீர்கள், அங்கே பாருங்கள். அது உங்கள் துணைவியார் சிவநேசம் அக்கா! என்ன சொல்லுறீங்கள், அக்கா? "சனிக்கிழமையில இந்த மனுசனை நான் வீட்டில கண்டதே இல்லை. ஆளைத் திருப்பித் தாங்கோ" என்கிறார்!

இப்போது பாருங்கள், எத்தனை கைகள்! உயர்த்திய ஒவ்வொருவருக்கும் நன்றி. சிரித்துவிட்ட தலைவருக்கும் நன்றி. தலைவர் பதவிக்கு முதல் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்: நிரஞ்சனி. வணக்கம்!